இல்லத்தின் நாடி

தாம்பரத்தில் செங்கற்பட்டுக்குச் செல்லும் மின்சார இரயிலில் ஏறினால், வண்டலூர், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் முதலிய ஊர்களைக் கடந்து சிங்கப்பெருமாள் கோவிலை அடையலாம். கோயிலின் பெயரே ஊரின் பெயராயிற்று. சிறு குன்றொன்றைக் குடைந்து அமைத்த கருவறையில் நரசிங்கப் பெருமாள் எழுந்தருளியிருக்கிறார். அவருக்கு நெற்றியிலும் ஒரு கண் உண்டு. அதனைக் காண்பதற்கென்றே தொலைவிலிருந்தும் மக்கள் வருகிறார்கள்.

இவ்வூரையும் இதனைச் சூழ்ந்த சிற்றூர்களையும் நான் அறிந்துகொண்டது குன்றை வலம் வந்ததனால் அன்று. வீடு வீடாக ஏறி இறங்கியதனால். பொதுச் சுகாதாரச் செவிலியர் பணியைக் கற்பிக்கும் ஆசிரியையாக நான் இருந்த காலத்தில், வெள்ளைச் சேலை உடுத்த மாணவியர் சிலரை அழைத்துக்கொண்டு, காலை வண்டியில் இங்கு வந்து இறங்குவேன். ஒவ்வொருத்தியின் தோளிலும் ஒரு பை. பையில் வெப்பமானி, இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, எடைத் தராசு, சோப்பு, துண்டு, ஒரு குறிப்பேடு. அந்தப் பையில் மிகவும் பயன்படும் கருவி எது என்று கேட்பேன். மாணவியர் பலவாறு விடை கூறுவர். குறிப்பேடு என்று கூறியவர் மிகச் சிலரே. அக்குறிப்பேட்டில் எழுதவேண்டியது யாது, அதனை ஏன் எழுதவேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள். ‘குடும்ப நல மதிப்பீடு’ என்று அதற்குப் பெயர்.

ஒரு சிறு கணக்கிலிருந்து தொடங்குவோம். ஓர் ஆண்டில் 8,760 மணி நேரம் உண்டு. சர்க்கரை நோயுள்ள ஒருவர் மாதந்தோறும் தவறாமல் மருத்துவரிடம் சென்று, ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் அவர் முன் அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். அவ்வாறு அமர்பவர் அரியர், இருப்பினும் கொள்வோம். ஆண்டு முழுவதற்கும் ஆறு மணி நேரமே ஆகிறது. எஞ்சிய 8,754 மணி நேரமும் அவர் தம் வீட்டிலும் தொழிலிடத்திலும் இருக்கிறார். அவர் உண்பது வீட்டுச் சோறு. மருந்தை விழுங்குவது வீட்டுத் தண்ணீரில். மருந்தை மறப்பதும் வீட்டுக் கவலையினால். ஆகவே நோயாளியை மட்டும் ஆராய்ந்து, அவருடைய வீட்டை ஆராயாமல் விடுகிற மருத்துவம் ஆறு மணி நேர மருத்துவமாகவே நின்றுவிடுகிறது.

இவ்வுண்மை நமக்குப் புதிதன்று. திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில், மருத்துவத்திற்கு நான்கு உறுப்புகள் உண்டென வள்ளுவர் வகுக்கிறார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிலிருந்து அம்மருந்தைக் கொடுத்துப் பேணுபவன் என்பவை அவை. முதல் மூன்றையும் உலகம் எளிதில் ஒப்புக்கொள்கிறது. நான்காவதை மறந்துவிடுகிறது. மருத்துவமனையில் அந்த நான்காமவர் செவிலியர். வீட்டில் அவர் யார்? மனைவியா, மகளா, மருமகளா, பள்ளி செல்லும் பேத்தியா, அல்லது ஒருவருமே இல்லையா? இதைக் கண்டறிவதுதான் குடும்ப நல மதிப்பீட்டின் முதல் வேலை.

‘செவிலி’ என்ற சொல்லையும் இங்கு நினைக்கலாம். சங்கப் பாடல்களில் செவிலி என்பவள் தலைவியை வளர்த்த தாய். நற்றாய்க்கு அடுத்த நிலையில் அவ்வீட்டின் இன்பதுன்பங்களை அறிந்தவள். நோயாளியைப் பேணும் தொழிலுக்கு அப்பெயரையே இன்றைய தமிழ் தெரிந்தெடுத்துக்கொண்டது. மருத்துவமனை தோன்றுவதற்கு முன்பே செவிலி வீட்டில் இருந்தாள் என்பதை அச்சொல் நமக்கு நினைவூட்டுகிறது.

மேலை நாட்டு வரலாறும் இதனையே காட்டுகிறது. இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்து வணிகர் வில்லியம் ராத்போன் என்பவரின் மனைவி நோயுற்றுக் கிடந்தபோது, மேரி இராபின்சன் என்ற செவிலியர் வீட்டிலிருந்து அவரைப் பேணினார். மனைவி மறைந்த பின்னர், செல்வர் வீட்டிற்குக் கிடைத்த இவ்வுதவி ஏழையர் வீட்டிற்கும் கிடைக்கலாகாதா என்று ராத்போன் எண்ணினார். 1859-ஆம் ஆண்டில் அதே செவிலியரை அந்நகரத்து ஏழை மக்களின் வீடுகளுக்கு அனுப்பினார். அங்கே கண்ட துயரத்தைத் தாங்க இயலாமல் முதலில் அவர் விலக எண்ணினாராம். பின்னர் மனம் தேறித் தொடர்ந்தார். அமெரிக்காவில் லில்லியன் வால்டு என்ற செவிலியர் 1893-ஆம் ஆண்டில் நியூயார்க்கின் நெருக்கடி மிகுந்த பகுதியில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தபோது, ஒரு சிறுமி ஓடிவந்து நோயுற்ற தன் தாயிடம் அவரை அழைத்துச் சென்றாள். அன்று அவர் ஏறிய படிக்கட்டுகளே அவரது வாழ்வை மாற்றின. ‘பொதுச் சுகாதாரச் செவிலியர்’ என்ற பெயரை வழங்கியவர் அவரே.

அயல்நாடு வரையில் போவானேன்? நம் தாம்பரத்திற்கே வருவோம். தாம்பரம் சானடோரியம் என்ற இரயில் நிலையம் உங்களிற் பலருக்குத் தெரியும். டாக்டர் டேவிட் சவுரிமுத்து என்ற தமிழர் 1928-ஆம் ஆண்டில் அங்குக் காசநோயாளிகளுக்கென ஒரு சிறு மருத்துவமனையை நிறுவினார். இதற்குமுன் இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் அவர் ஒரு சானடோரியம் நடத்தி வந்தார். கணித மேதை இராமானுஜன் அந்நாட்டில் நோயுற்றபோது சில காலம் தங்கியிருந்தது அங்கேதான். தாம்பரத்து மருத்துவமனை 1937-ஆம் ஆண்டில் அரசின் கைக்கு வந்தது. காசநோய்க்குத் தக்க மருந்து கண்டறியப்படாத அக்காலத்தில் தூய காற்று, ஓய்வு, நல்ல உணவு ஆகியவையே சிகிச்சை. அவை ஏழையின் வீட்டில் கிடையா. ஆகவே நோயாளியைக் குடும்பத்தினின்று பிரித்து, மரங்கள் சூழ்ந்த இடத்தில் மாதக் கணக்கில் வைத்திருந்தனர்.

பின்னர் மருந்துகள் வந்தன. ஆயினும் ஒரு வினா எழுந்தது. நாட்டில் நோயாளிகளோ மிகப் பலர். மருத்துவமனைப் படுக்கைகளோ மிகச் சில. வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் நோய் தீருமா? இருட்டறையில், நெருக்கத்தில், அரைவயிற்றுக் கஞ்சியுடன் வாழும் வீட்டில் அது இயலுமா? இதனை ஆராய்வதற்காகவே 1956-ஆம் ஆண்டில் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் அதில் கைகோத்தன. வாலஸ் பாக்ஸ் என்ற மருத்துவ அறிஞர் பணிக்குத் தலைமை தாங்கினார்.

நோயாளிகள் 193 பேர். அவர்களுள் யார் வீட்டிலிருப்பது, யார் சானடோரியத்திற்குச் செல்வது என்பதைக் குலுக்கல் முறையை ஒத்த முறையால் முடிவு செய்தனர். இரு சாராருக்கும் மருந்து ஒன்றே. காலம் ஓர் ஆண்டு. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல உணவும் ஓய்வும் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்களோ குறைவாக உண்டனர், வேலை செய்தனர், நெருக்கத்தில் வாழ்ந்தனர். முடிவு 1959-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவில் நலமடைந்திருந்தனர்! வீட்டிலிருந்த நோயாளிகளின் உறவினர்க்கு நோய் மிகுதியாகத் தொற்றியதா என்பதனையும் ஐந்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தனர். மிகுதியாகத் தொற்றவில்லை. ஏனெனில் காசநோய் பெரும்பாலும் பரவுவது, நோய் இன்னதென்று அறியப்படாமலும் மருந்து தொடங்கப்படாமலும் இருக்கும் நாட்களிலேதான். இம்முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கை மாற்றியது. பின்னாளில் அம்மையம் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்தது.

இவ்வரலாற்றில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. மருந்துச் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டு அம்மையத்தார் சும்மா இருந்துவிடவில்லை. முன்னறிவிப்பின்றி நோயாளிகளின் வீடுகளுக்குச் சென்றனர். எஞ்சிய மாத்திரைகளை எண்ணினர். சிறுநீரைச் சோதித்து மருந்து உட்கொண்டாரா என்று பார்த்தனர். வீடு மருத்துவமனைக்கு ஈடாக நின்றது உண்மை, தானாக நிற்கவில்லை. வாயிற்படி ஏறிவந்த மனிதரால் நின்றது.

இனி, வாயிற்படி ஏறிய செவிலியர் செய்யவேண்டியது யாது? கனடா நாட்டின் கால்கரி நகரத்தில் பணியாற்றிய லோரெய்ன் ரைட், மோரீன் லீஹி என்ற அறிஞர் இருவர் 1984-ஆம் ஆண்டில் ஒரு முறையை வகுத்து நூலாக வெளியிட்டனர். உலகில் பல கல்லூரிகளில் அது பாடமாக உள்ளது. குடும்பத்தை மூன்று நோக்கில் காணவேண்டும் என்பது அம்முறை. முதலாவது அமைப்பு: குடும்பத்தில் யார் யார் உளர்? இரண்டாவது வளர்ச்சி: குடும்பம் வாழ்க்கையின் எக்கட்டத்தில் நிற்கிறது? மூன்றாவது செயற்பாடு: அன்றாட வாழ்வு எவ்வாறு நடக்கிறது, முடிவுகளை எடுப்பவர் யார், துன்பம் வந்தால் என்ன செய்கிறார்கள்?

அமைப்பை அறிவதற்கு ஒரு படம் வரையவேண்டும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர்க்குக் குறுக்குக் கோடு. தாத்தா, பாட்டி தொடங்கிப் பேரக் குழந்தைகள் வரையில் மூன்று தலைமுறைகள். ஒவ்வொருவர் அருகிலும் வயதும் நோயும் எழுதப்படும். தாத்தா சர்க்கரை நோயால் காலிழந்தவர், தந்தைக்கு நாற்பதில் சர்க்கரை, அத்தைக்கும் சர்க்கரை என்று படம் காட்டினால், இருபது வயது மகனுக்கு இன்றே எச்சரிக்கை செய்யலாமன்றோ? இன்னொரு படமும் உண்டு. நடுவில் குடும்பத்தை ஒரு வட்டமாக வரைந்து, அதனைச் சுற்றிப் பள்ளி, தொழிற்சாலை, நியாயவிலைக் கடை, துணை சுகாதார நிலையம், கோயில், மகளிர் குழு, கடன்காரர் என எழுதுவது. உறவு வலிதாயின் தடித்த கோடு, மெலிதாயின் புள்ளிக்கோடு. அமெரிக்க சமூகப் பணியாளர் ஆன் ஹார்ட்மன் 1970-களில் அமைத்த முறை இது. எந்த வீட்டில் கடன்காரருக்கு மட்டும் தடித்த கோடும் ஏனைய எல்லாவற்றிற்கும் புள்ளிக்கோடும் விழுகின்றனவோ, அந்த வீட்டில் நோய் வந்தால் அதிக நாள் தங்கும் என்று ஐயமின்றிக் கூறலாம்.

வளர்ச்சிக் கட்டமும் முக்கியமானது. புதுமணம் புரிந்தோர், கைக்குழந்தை உள்ளோர், பள்ளிப் பிள்ளைகள் உள்ளோர், பிள்ளைகள் வேலைக்காக வெளியூர் சென்றபின் தனித்திருக்கும் முதியோர் என ஒவ்வொரு கட்டத்திற்கும் தனித்தனித் தேவைகள் உண்டு. கைக்குழந்தை வீட்டில் தடுப்பூசி அட்டையைக் கேட்கும் செவிலியர், முதியோர் வீட்டில் இரவில் கழிப்பறைக்குச் செல்லும் வழியில் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பார்.

வீட்டையும் கண்ணால் ஆராயவேண்டும். அறைகள் எத்தனை, உறங்குவோர் எத்தனை பேர், காற்று வரும் வழி உண்டா, குடிநீர் எங்கிருந்து வருகிறது, குடத்திற்கு மூடி உண்டா, அடுப்புப் புகை எங்குச் செல்கிறது, மருந்து எந்த இடத்தில் இருக்கிறது என்பவற்றை எல்லாம் கேளாமலே அறியலாம்.

இவ்வளவும் நான் வகுப்பில் பல்லாண்டு கற்பித்தவை. ஆயினும் கற்பித்த நானே தவறிய ஒரு நிகழ்ச்சியைச் சொல்லவேண்டும். சொல்லாவிடில் இந்தப் பேச்சு முழுமை பெறாது.

1980-களின் தொடக்கம். சிங்கப்பெருமாள் கோவிலுக்கு மேற்கே ஒரு சிற்றூர். ஊரின் பெயர் வேண்டாம். அங்கு ஒரு கூரை வீட்டில் இரண்டு வயது ஆண் குழந்தை எடை கூடாமல் இருந்தான். தாய் வயல் வேலைக்குச் செல்பவள். நான் குறிப்பேட்டைத் திறந்து, “வீட்டில் எத்தனை பேர்?” என்று கேட்டேன். அவள் குடும்ப அட்டையை எடுத்துவந்து காட்டினாள். கணவன், மனைவி, ஒரு பெண், ஒரு பையன் என நான்கு பெயர்கள். நான்கு என்று எழுதிக்கொண்டேன். குழந்தைக்குக் கேழ்வரகுக் கூழும் கீரையும் கடலையும் கொடுக்குமாறு சொன்னேன். அடுத்த மாதம் சென்றேன், எடை கூடவில்லை. மறுமுறையும் கூடவில்லை. நான் சொன்னதை அவள் செய்வதில்லை என்று எண்ணி, சற்றுக் கடுமையாகவே பேசினேன். அவள் தலை குனிந்து கேட்டுக்கொண்டாள்.

நான்காம் முறை என்னுடன் முதலாண்டு மாணவி ஒருத்தி வந்தாள். நான் தராசைக் கட்டிக்கொண்டிருந்தபோது அவள் அந்த வீட்டுப் பெண் குழந்தையோடு மண்ணில் கோடு கிழித்து விளையாடிக்கொண்டிருந்தாள். விளையாட்டுப் போக்கில், “அம்மா வேலைக்குப் போனால் தம்பியை யார் வைத்துக்கொள்வார்கள்?” என்று கேட்டாள். “தாத்தாதான், அக்கா. தாத்தா மடியில்தான் தூங்குவான்,” என்றது குழந்தை. எந்தத் தாத்தா? வீட்டின் பின்புறத்து மாட்டுக் கொட்டகையில் ஒரு கயிற்றுக் கட்டிலில், எலும்பும் தோலுமாய் ஒரு முதியவர் இருந்தார். அவருடைய பெயர் மூத்த மகன் வீட்டு அட்டையில் இருந்தது. அவர் இருந்ததோ இங்கே. பல மாதங்களாக அவருக்கு இருமல். சளியில் இரத்தமும் கண்டதுண்டு. வெளியில் தெரிந்தால் கடைசி மகளின் திருமணப் பேச்சு முறிந்துவிடும் என்று வீட்டார் அதனை மறைத்திருந்தனர்.

முதியவருக்குக் காசநோய், குழந்தைக்கும் அதுவே. குழந்தையின் கழுத்தில் கட்டி தோன்றத் தொடங்கியிருந்தது. நான் மும்முறை எடை பார்த்தேனேயன்றி, அக்கழுத்தை ஒருமுறையேனும் தடவிப் பார்க்கவில்லை. இருவருக்கும் மருந்து தொடங்கப்பட்டது. குழந்தை பல மாதங்களுக்குப் பின் தேறினான். முதியவருக்கு மருந்து காலம் கடந்து வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் மறைந்தார்.

பின்பொரு நாள் அத்தாய் என்னிடம் சொன்னாள்: “அவர் இருமுவது எனக்குத் தெரியும், நர்சம்மா. அந்த இருமல்தான் என் பிள்ளையின் எடையைத் தின்கிறது என்று எனக்குத் தெரியாதே! தெரிந்திருந்தால் ஊர் என்ன சொன்னாலும் உங்களிடம் சொல்லியிருப்பேன்.” அவள் என்னைக் குறை கூறவில்லை. ஆனால் அச்சொல் இன்றுவரை என்னை விட்டு அகலவில்லை. நான் அவளுக்குக் கூழைப் பற்றிச் சொன்னேன். அவள் அறியவேண்டியிருந்ததைச் சொல்லவில்லை. அவள் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதையே நான் அறியாதபோது எவ்வாறு சொல்வேன்?

அன்றுமுதல் ‘வீட்டில் எத்தனை பேர்’ என்ற வினாவை நான் விட்டுவிட்டேன். மாணவியரையும் விடச் சொன்னேன். அதற்கு மாறாக மூன்று வினாக்களைக் கேட்கச் சொன்னேன். நேற்றிரவு இங்கு உறங்கியவர் யார் யார்? இந்தப் பானையிலிருந்து உண்பவர் யார் யார்? நீ வெளியே சென்றால் குழந்தையை வைத்துக்கொள்பவர் யார்? குடும்ப அட்டை அரசின் கணக்கு. இம்மூன்று வினாக்களும் நோயின் கணக்கு. கிருமிக்கு அட்டை தெரியாது, மடிதான் தெரியும். காசநோயாளியுடன் வாழும் சிறு குழந்தைகளைச் சோதித்து, நோய் இல்லையென்று உறுதியானபின் தடுப்பு மருந்து கொடுப்பது இன்று நாடெங்கும் விதியாக உள்ளது. அவ்விதி பயன்தர வேண்டுமாயின், அக்குழந்தை யாருடைய மடியில் வளர்கிறது என்பது முதலில் தெரியவேண்டும்.

மதிப்பிட்டு அறிந்தவற்றை என்ன செய்வது? வரிசைப்படுத்தவேண்டும். ஒரு வீட்டில் பத்துக் குறைகள் தெரியலாம். பத்தையும் ஒரே நாளில் சொன்னால் ஒன்றும் நடவாது. உயிருக்கு உடனே ஊறு செய்வது எது, குடும்பத்தாரே பெரிதாகக் கருதுவது எது, எளிதில் மாற்றக்கூடியது எது என்று பார்த்து, ஒன்றோ இரண்டோ தெரிந்தெடுக்கவேண்டும். தெரிந்தெடுப்பதில் குடும்பமும் பங்கு கொள்ளவேண்டும். பின்னர் யார், எதை, எப்பொழுது செய்வது என்று எழுதவேண்டும். அடுத்த முறை சென்று, நடந்ததா என்று பார்க்கவேண்டும். நடக்கவில்லையெனில் குடும்பத்தைக் கடிவதற்குமுன் நம் திட்டத்தையே மறுபடி ஆராயவேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. மறைமலை நகரத் தொழிற்சாலை ஒன்றில் முறைமாற்று வேலை பார்க்கும் ஒருவர் வீட்டில், அவருடைய தாயாருக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இருந்தன. மாத்திரை கொடுத்தும் சர்க்கரை குறையவில்லை. “ஆயா மருந்து சாப்பிடுவதில்லை போலும்,” என்று மாணவி எழுதிவிட்டாள். மாத்திரைகளை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தோம். இரண்டும் வெண்மை, இரண்டும் வட்டம். ஆயாவின் இரு கண்களிலும் புரை. மகன் பகல் வேலை பார்க்கும் வாரங்களில் அவர் எடுத்துக் கொடுப்பார். இரவு வேலை வாரங்களில் ஆயா தாமே தடவி எடுத்துக்கொள்வார். சில நாள் ஒரே மாத்திரையை இருமுறை விழுங்கியிருக்கிறார். ஆகவே இந்த வீட்டில் சர்க்கரை நோய்க்கான சிகிச்சை கண்ணிலிருந்து தொடங்கவேண்டியதாயிற்று. கண் அறுவைச் சிகிச்சை நடக்கும் வரையில், ஐந்தாம் வகுப்பில் படித்த பேத்தி சிவப்பு டப்பாவில் ஒன்றும் நீல டப்பாவில் மற்றொன்றுமாக மாத்திரைகளைப் பிரித்து வைத்து, பள்ளிக்குச் செல்லும்முன் ஆயாவின் கையில் எடுத்துக் கொடுத்தாள். வள்ளுவர் கூறிய நான்காவது உறுப்பு பள்ளிச் சீருடையில் நின்றதை அன்று கண்டோம்.

குடும்பத்தை மதிப்பிடுபவர்க்குச் சில நெறிகள் உண்டு. அவர் வேவு பார்ப்பவர் அல்லர். தீர்ப்புக் கூறுபவரும் அல்லர். வீட்டாரின் இசைவு பெற்று உள்ளே செல்லவேண்டும். நீர் கொடுத்தால் வாங்கிக்கொள்ளவேண்டும். குழந்தையைத் தொடுமுன்னும் தொட்டபின்னும் கை கழுவவேண்டும். மாமியார் முன் மருமகளிடம் கேட்கத் தகாதவற்றைக் கேட்கலாகாது. கிணற்றடியில் தனியே கேட்கலாம். ஒரு வீட்டில் அறிந்ததை மறு வீட்டில் கூறலாகாது. நான் சொன்ன அந்த வீட்டில் முதியவரை மறைத்தது அறியாமை மட்டுமன்று, அச்சம். வாயைக் காக்கும் செவிலியரிடம் மட்டுமே அச்சம் வாய் திறக்கும்.

இப்பணிக்கென நம் நாட்டில் ஏற்பாடுகள் உண்டு. சமவெளிப் பகுதியில் ஏறத்தாழ 5,000 மக்களுக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது நெறி. தமிழ்நாட்டில் அதனைத் தாங்கி நிற்பவர் கிராம சுகாதாரச் செவிலியர். டாக்டர் கே. எஸ். சஞ்சீவி 1958-ஆம் ஆண்டில் சென்னையில் நிறுவிய தன்னார்வ சுகாதாரச் சேவை அமைப்பு, தனி மனிதரையன்றிக் குடும்பத்தையே அலகாகக் கொண்டு மருத்துவ உதவி வழங்கும் வழியைக் காட்டியது. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் வீடு தேடிச் சென்று இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்கிறார்கள்; மாத்திரைகளை வாயிலிலேயே கொடுக்கிறார்கள். படுக்கையில் கிடப்போர்க்கு இயன்முறைச் சிகிச்சையும் நோவு தணிப்புப் பேணுதலும் வீட்டிலேயே கிடைக்கின்றன. மாத்திரை கொடுக்கும் அந்த ஐந்து நிமிடங்களில் வீட்டையும் பார்த்துவிட்டால், அது முழு மருத்துவமாகிவிடும்.

குடும்பமும் இன்று மாறிவருகிறது. சிங்கப்பெருமாள் கோவிலைச் சூழ்ந்து நெல் விளைந்த நிலங்கள் பலவற்றில் இன்று மனைகளும் தொழிற்கூடங்களும் எழுந்துள்ளன. வட மாநிலங்களிலிருந்து வந்த இளைஞர் பலர் ஓர் அறையில் ஐவரும் அறுவருமாகத் தங்கியிருக்கிறார்கள். ஒருவன் பகலில் உறங்கி எழுந்த பாயில் மற்றொருவன் இரவில் உறங்குகிறான். இவர்கள் ஒரு குடும்பமா? இரத்த உறவில்லை, ஆனால் ஒரே பானையில் சமைக்கிறார்கள், ஒரே காற்றை மூச்சாக இழுக்கிறார்கள், ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் மற்றொருவன் கஞ்சி வைக்கிறான். செவிலியரின் குறிப்பேட்டில் அவர்களும் ஒரு குடும்பமே. தாய் தந்தையர் ஆயிரம் மைல் தொலைவில் இருப்பதால், மிகுந்த கவனத்திற்குரிய குடும்பமும் ஆவர்.

மாணவ நண்பர்களே, உங்களில் எல்லோரும் செவிலியர் ஆகப்போவதில்லை. ஆயினும் ஒவ்வொருவரும் ஒரு வீட்டில் வாழ்கிறீர்கள். இன்று மாலை ஒரு தாளை எடுத்து உங்கள் குடும்பத்தின் மூன்று தலைமுறைகளையும் வரைந்து பாருங்கள். யாருக்கு என்ன நோய் என்று பெரியோரிடம் கேட்டு எழுதுங்கள். பாட்டியின் மாத்திரைகள் எவை, அவற்றை யார் எடுத்துக் கொடுக்கிறார் என்று பாருங்கள். இரண்டு வாரத்திற்கு மேல் இருமுபவர் எவரேனும் இருந்தால், வெட்கத்தை விட்டுச் சளிப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அரசு மருத்துவ நிலையங்களில் அப்பரிசோதனைக்கும் மருந்துக்கும் கட்டணம் இல்லை.

சிங்கப்பெருமாள் கோவிலுக்கு எப்போதேனும் சென்றால், குன்றைக் கண்டபின் பின்புறத்துத் தெருக்களிலும் சற்று நடந்து பாருங்கள். தோளில் பையோடு ஒரு பெண் ஏதேனும் ஒரு வாயிலில் நின்று, “நேற்றிரவு இங்கு யார் யார் உறங்கினீர்கள், அம்மா?” என்று கேட்டுக்கொண்டிருந்தால், அவள் வீண்பேச்சுப் பேசுகிறாள் என்று எண்ணிவிடாதீர்கள். அவள் அந்த இல்லத்தின் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.